ஒரு வெட்டு மருந்து

சாராயக் கடையை மூடிய மறுநாள் காலையில் காசியம்மாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பெட்டிக்குள் இருந்த பச்சைப் புடவையை எடுத்துக் கட்டினாள். வேறு விசேஷம் ஒன்றுமில்லை. கடையை மூடினார்களே, அதுதான் விசேஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைத் திறந்த அன்றைக்கு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியவள் அவள். அதற்கப்புறம் பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் காறித் துப்பாமல் போனதில்லை. "லைசென்ஸ் கடைம்மா, கவர்மெண்டே திறந்திருக்கு" என்று ஒரு போலீஸ்காரன் சொல்லிப் பார்த்தான். "ஏன், கவர்மெண்டு வூட்டுல பொம்பளைங்களே இல்லியா?" என்று கேட்டாள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. அவள் புருஷன் மாது, மதுவிலக்கு இருந்த காலத்திலேயே, மலையடிவாரத்தில் வேலம்பட்டை போட்டுக் காய்ச்சிய சரக்கைக் குடித்தே போனவன். அவள் ஒன்றும் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஊறல் பானைகளைத் தேடித் தேடி உடைத்தாள். கடைசியில் அவனை மாட்டுக்கொட்டகைத் தூணில் கட்டிப் பூட்டினாள். சொட்டு கிடையாது என்றாள். கதறினான், கையெல்லாம் நடுங்குதுடி என்றான், ஒரே ஒரு மடக்கு காசி என்று கெஞ்சினான். நடிக்கிறான் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் செத்துப்போனான். உடம்பில் ஊறின விஷம் கொன்றுவிட்டது என்று ஊர் சொன்னது. அவளும் அதையே நம்பினாள். ஒரு மாசம் முன்னாடி கட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்பது ஒன்றுதான் அவளுடைய ஆற்றாமை. அன்றிலிருந்து குடிகாரப் புருஷனைப் பற்றி எவள் அழுதுகொண்டு வந்தாலும் அவளிடம் ஒரே வைத்தியம்தான்: "கட்டி வையிடி!"

இப்போது அவளுக்கு அறுபத்துமூன்று வயசு. தெருக்கடைசியில் ஓட்டு வீடு, ஓர் எருமை, ஒண்டி ஆள். தொப்பூர்க் கணவாயில் ரோடு போட்டபோது ஜல்லி சுமந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டிய வீடு. மகன் கோவிந்தன் சேலத்தில் மில் வேலையில் இருந்தான். நல்ல பிள்ளைதான், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அவன் வீட்டில் நாலு மாசம் இருந்து பார்த்துவிட்டாள். காபிக்குக் காத்திருக்கணும். குளிக்கக் கேட்கணும். வாசலைத் தாண்டினால் எங்கே என்று சொல்லணும். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை அவர்கள். அந்த மரியாதையில்தான் அவளுக்கு மூச்சு முட்டியது. ஐந்தாம் மாசம் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு இந்த வருஷம் சித்திரையிலிருந்து கால் தடுமாறியது. ஒருநாள் வாசற்படியில் விழுந்தாள். இன்னொரு நாள் தொட்டி விளிம்பில் மோதி நெற்றி பிளந்தது. ஆனி மாசம் அடுப்பை எரியவிட்டுத் தூங்கிப்போய், கொட்டகையில் வைக்கோல் பற்றிக்கொண்டது. எதிர்வீட்டு ஷரீபுன்னிசா ஓடிவந்து தண்ணீர் ஊற்றியிராவிட்டால் எருமையும் போயிருக்கும். விஷயம் சேலத்துக்குப் போயிற்று. கோவிந்தன் வந்து, தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்த தாயைப் பார்த்து, "வயசாயிடுச்சும்மா, ஒத்துக்கோ" என்றான். "ஆவணி பொறந்தப்புறம் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன். காரைக் கொண்டாந்து ஏத்திட்டுப் போயிடுவேன். வூட்டைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துக்குவேன்." நேற்று அவனிடமிருந்து கார்டும் வந்துவிட்டது. வியாழக்கிழமை வருகிறானாம்.

வயசாயிடுச்சு. அந்த ஒரு வார்த்தை அவளைத் தின்றது. ஏனென்றால் அவளுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சாயங்காலமானால் நாக்கு குழறுவது அவளுக்கே தெரிந்தது.

அதனால்தான் அன்றைக்கு, கடை மூடிய சந்தோஷத்தோடு சந்தோஷமாக, டானிக் பாட்டிலை எடுத்துக்கொண்டு கம்பவுண்டரைப் பார்க்கக் கிளம்பினாள். மருந்தை இன்னும் கொஞ்சம் பலமாகக் கொடுக்கச் சொல்லணும். வியாழக்கிழமைக்குள் கால் நிற்கணும்.

கம்பவுண்டர் பரந்தாமன் எங்கோ ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ரிட்டயர் ஆகி வந்து, சந்தை மேட்டில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். ஊருக்கு அவர்தான் டாக்டர். முட்டிவலி, தூக்கமில்லை என்று மாசியில் அவள் போனபோது, ராத்திரிக்கு வெள்ளை மாத்திரையும், காலை மாலை சாப்பாட்டுக்கு அப்புறம் சிவப்பு டானிக்கும் கொடுத்தார். பாட்டில் நாம்தான் கொண்டுபோகணும். அவர் ஜாடியிலிருந்து ஊற்றி, பாட்டில் முதுகில் நீளமாக ஒரு காகிதப் பட்டையைப் பசை போட்டு ஒட்டுவார். பட்டையின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டு இருக்கும். ஒரு வேளைக்கு ஒரு வெட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும். காசியம்மாள் ஒரு வேளை தவறாமல் ஒரு வெட்டு குடித்தாள். வலி போன இடம் தெரியவில்லை. முட்டிக்காலோடு அடிக்கடி மேட்டுக்கு நடக்க வேண்டாமே என்று ரெண்டு மாசம் கழித்துப் பெரிய பாட்டிலாகக் கொண்டுபோனாள். அவர் அதற்கும் ஒரு பட்டை ஒட்டிக் கொடுத்தார்.

வாடை தெரியலியா என்று கேட்பீர்கள். நாற்பது வருஷமாக மூக்குப்பொடி போட்ட மூக்கு அது. அதுவும் டானிக்கில் லவங்கமும் ஆரஞ்சு எசன்ஸும் போட்டுத் தூக்கலாக வைத்திருந்தான் புண்ணியவான்.

சந்தை மேட்டுக்குப் போனால் டிஸ்பென்சரி வாசலில் திருவிழாக் கூட்டம். முப்பது ஆம்பளைகள் வரிசை கட்டி நின்றார்கள், கையில் ஆளுக்கொரு பாட்டில். அத்தனையும் தெரிந்த மூஞ்சி. நேற்றுவரைக்கும் சாராயக் கடை வாசலில் நின்ற மூஞ்சி. "என்னடா இது, ஒரே நாளில் ஊருக்கெல்லாம் முட்டிவலியா?" என்று கேட்டுக்கொண்டே வரிசைக் கடைசியில் நின்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் சிரித்தான். ஒருத்தன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். முன்னால் நின்றிருந்த முனிராஜ், மாதுவோடு ஒரு காலத்தில் சுற்றினவன், அறுபது வயசு ஆள், மரியாதையாக ஒதுங்கினான். "அண்ணிக்கு வழி வுடுங்கடா. ஆறு மாசமா வாங்கறாங்க. நமக்கெல்லாம் சீனியரு."

"எதுக்குடா சீனியரு?"

"அட, நம்மகிட்ட என்ன அண்ணி மறைக்கிறது? கடை இருந்த வரைக்கும் எங்களுக்கு அது. உங்களுக்கு இது. இப்ப எல்லாருக்கும் இதுதான்."

அறைந்துவிட்டாள். சத்தம் சந்தை மேடு முழுக்கக் கேட்டது. முனிராஜ் கன்னத்தைத் தடவிக்கொண்டானே தவிரக் கோபப்படவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. அவன் தன் பாட்டிலைத் திறந்து, அவள் கண்ணெதிரே ரெண்டு மடக்கு விழுங்கிவிட்டு, மூடாமல் அப்படியே நீட்டினான். அதே சிவப்பு. சின்ன பாட்டில். அதன் முதுகில் காகிதப் பட்டை. காசியம்மாள் தன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். அவனுடையதைப் பார்த்தாள். எண்ணினாள். அதில் பதினாலு வெட்டு. இதிலும் பதினாலு வெட்டு. பாட்டில் ரெண்டு பங்கு பெரிசு. பெரிசும் சின்னதைப் போலவே ஏன் ஒரே வாரத்தில் தீர்ந்தது என்று இப்போதுதான் உறைத்தது.

நாலு மாசமாக வேளைக்கு ரெண்டு பங்கு குடித்திருக்கிறாள். அதன்மேல் ராத்திரி மாத்திரை.

வரிசையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள். கம்பவுண்டர் ஜாடியைச் சாய்த்து யாருக்கோ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன கலந்திருக்கே?"

"சத்தம் போடாதீங்கம்மா. டானிக்குன்னா ஸ்பிரிட் இருக்கத்தான் செய்யும், மருந்து கெடாம இருக்க."

"எவ்வளவு?"

அவர் ஜாடியை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். வெளியே முப்பது பேர் பதில் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

"நான் யாருன்னு தெரிஞ்சும் எனக்கு ஊத்தினியா? அந்தக் கடை வாசல்ல மண்ணு வாரிப் போட்டவளுக்கு? தூக்க மாத்திரையையும் குடுத்து, இதையும் குடுத்து, நான் மண்டை ஒடைஞ்சு கட்டோட வந்து நின்னப்பகூட, 'வயசுல அப்படித்தான் இருக்கும், ஒரு வேளை சேத்துக் குடிங்க'ன்னியேடா பாவி!"

கம்பவுண்டர் ஜாடியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். "வலி போச்சா இல்லியா? தூக்கம் வந்துச்சா இல்லியா? முதல்ல சின்ன பாட்டில் கொண்டாந்தீங்க. பெரிசு கொண்டாந்தது யாரு? அதுவும் போன மாசத்துல இருந்து வாரத்துக்கு ஒண்ணு பத்தலைன்னு ரெண்டு கேட்டது யாரு? நானா வூடு தேடி வந்து ஊத்தினேன்?"

காசியம்மாளுக்கு வாயடைத்ததை அந்த ஊர் முதல்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தது. அவன் அயோக்கியன்தான். ஆனால் சொன்னது உண்மை. நாலு நாளில் பாட்டில் தீர்ந்ததும், தீர்ந்த அன்றைக்கு எருமைமேல் எரிந்து விழுந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

வெளியே வந்தாள். முனிராஜின் பெண்டாட்டி பாஞ்சாலி புருஷனைத் தேடி மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தாள். எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நெஞ்சில் நிறைந்திருந்த அத்தனையையும் காசியம்மாள் அங்கே கொட்டினாள். "இழுத்துட்டுப் போடி இவனை! இன்னைக்கே கொட்டாயில கட்டு. என்ன கத்தினாலும் தொறக்காதே. சொட்டு குடுத்தேன்னு தெரிஞ்சுது, உன்னையும் சேத்துக் கட்டிடுவேன்!" பாஞ்சாலி தலையை ஆட்டினாள். ஊரில் காசியம்மாள் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது.

வீட்டுக்கு வந்தவள் எதிர்வீட்டு வாசலில் நின்றாள். ஷரீபுன்னிசா தகர வேலைக்காரர் நூர் பாஷாவின் மனைவி. இருபது வருஷமாக எதிர் எதிரே அடுப்பு மூட்டுகிறவர்கள்.

"ஷரீபு, உனக்குத் தெரியுமா?"

ஷரீபுன்னிசா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "வாடை வரும்க்கா. தீ புடிச்ச அன்னைக்குத் தூக்கினேனே, அப்பவே தெரியும்."

"சொல்லலியே நீ!"

"தெரிஞ்சுதான் குடிக்கிறீங்கன்னு நெனச்சேன். ஒண்டியா இருக்கீங்க, மனசு கஷ்டமோ என்னமோன்னு. நீங்க பேசின பேச்சுக்கு, மூஞ்சிக்கு நேரா எப்படிக்கா கேக்கறது?"

"தெருவுக்கே தெரியுமா?"

ஷரீபுன்னிசா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதுவே பதில். ஆறு மாசமாக ஒரு தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு, கிழவி திருட்டுத்தனமாகக் குடிக்கிறாள் என்று பேசிக்கொண்டு, வாசலில் அவளைப் பார்த்ததும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டிருக்கிறது. பொறுக்கிகள்! கழுத்தைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நெற்றி பிளந்திருக்காதே.

மிச்ச மாத்திரையை அடுப்பில் போட்டாள். பாட்டிலின் அடியில் ரெண்டு வெட்டு இருந்தது. அதைக் கொட்டவில்லை. மாடத்தில் வைத்தாள். கோவிந்தனுக்குக் காட்டணும். பாரடா, வயசும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, இதுதான் என்னைத் தள்ளிவிட்டது என்று அவன் மூஞ்சியில் நீட்டணும். இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன், எவன் என்னை வண்டியில் ஏற்றுகிறான் பார்க்கலாம்.

அன்றைக்குக் கோபத்திலேயே பொழுது போய்விட்டது. செவ்வாய்க்கிழமை கை நடுங்கியது. பால் கறக்க உட்கார்ந்தால் செம்பு தாளம் போட்டது. வேர்த்துக் கொட்டியது. கண் தானாக மாடத்துக்குப் போயிற்று. வாயில் எச்சில் ஊறியது. சீ, நாயே, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பாட்டிலைத் துணி போட்டு மூடினாள். கொஞ்ச நேரத்தில் துணியை எடுத்துவிட்டு, இருக்கிறதா என்று பார்த்தாள். புதன்கிழமை சுவரெல்லாம் எறும்பு ஊர்ந்தது. துடைப்பத்தால் அடித்தாள். எறும்பே இல்லை என்று ஷரீபுன்னிசா சொன்னாள். சாயங்காலம் எருமைக்குத் தண்ணீர் காட்டும்போது கை கால் வெட்டி இழுத்து, நுரை தள்ளி விழுந்தாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் நூர் பாஷாவும் ஷரீபுன்னிசாவும் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றி அவளைத் தர்மபுரிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாட்டிலையும் மடியில் கட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்தது ஒரு சின்னவயசு டாக்டரம்மா. பாட்டிலை மோந்து பார்த்தாள், வெட்டை எண்ணினாள், மாத்திரை எப்படி இருந்தது என்று கேட்டாள். அப்புறம் காசியம்மாளுக்குச் சமமாகக் கத்தினாள்.

"யாரு உங்களைச் சட்டுனு நிறுத்தச் சொன்னது?"

"விஷம்னு தெரிஞ்சப்புறம் வேற என்னம்மா பண்ணுவாங்க?"

"விஷம்தான். ஆனா ஆறு மாசமா உடம்பு அதுக்குப் பழகிடுச்சு. படக்குனு புடுங்கினா இழுப்பு வரும், கண்ணுல இல்லாததெல்லாம் தெரியும். அதுலயே ஆளு போயிடலாம். கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். இந்த வெட்டுல பாதி காலையில, பாதி சாயங்காலம். நாளைக்கு அதுலயும் குறைச்சு. மாத்திரையும் அப்படித்தான், நான் எழுதித் தர்றேன். இங்கேயே ஒரு வாரம் படுங்க."

காசியம்மாள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, ஒருத்தன் வருஷக்கணக்காக் குடிச்சவன். அவனைக் கட்டிப் பூட்டி வச்சா?"

"எத்தனை நாளு?"

"மூணு."

"செத்துக்கூடப் போவான். கை நடுங்கும், எறும்பு பூச்சின்னு பினாத்துவான், கெஞ்சுவான். நடிக்கிறான்னு வூட்டுல நெனச்சுக்குவாங்க." டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள். "யாரையாவது அப்படிக் கட்டி வச்சிருக்காங்களா?"

காசியம்மாள் எழுந்துவிட்டாள். டாக்டரம்மா தடுத்தாள், நர்ஸ் தடுத்தாள், ஷரீபுன்னிசா கையைப் பிடித்தாள். நாளைக்கு வந்து படுக்கிறேன், சத்தியமாக வருகிறேன் என்று உதறிக்கொண்டு வெளியே நடந்தாள். பஸ் இண்டூரைத் தாண்டும்போது, "பதினெட்டு வருஷம். ஒரு நாய் சொல்லலியே. பதினெட்டு வருஷமா நான் ஊருக்கெல்லாம் இதையே சொல்லிக் குடுத்திருக்கேன் ஷரீபு" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தால், அவள் வீட்டு வாசலில் வாடகைக் கார் நிற்கிறது. கோவிந்தன் காரில் சாய்ந்து நின்றான். கையில் புதுப் பூட்டு. "எங்கேம்மா போனே? விழுந்தியாமே! இதுக்குமேல..." அவனைத் தாண்டி நடந்தாள். தடுமாறி, சுவரைப் பிடித்து, நாலு வீடு தள்ளி முனிராஜ் வீட்டுக்குப் போனாள்.

கொட்டகை வாசலில் பாஞ்சாலி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நீங்க சொன்ன மாதிரியே தொறக்கலக்கா. இன்னைக்குக் காலையில இருந்து கத்தறதுகூட இல்ல."

"தொறடி!"

முனிராஜ் தூணில் கட்டியபடியே சாய்ந்து கிடந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. விரல்கள் காற்றில் எதையோ பொறுக்கின. கண் திறந்து அவளைப் பார்த்தான், அடையாளம் தெரிந்ததோ என்னவோ, "ஒரே ஒரு மடக்கு" என்றான். அந்தச் சொல்லை அவள் இதே மாதிரி ஒரு கொட்டகையில், இதே மாதிரி ஒரு குரலில் கேட்டிருக்கிறாள். அன்றைக்குக் கதவைச் சாத்தினாள்.

மடியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். பட்டையில் கட்டைவிரல் நகத்தை வைத்து அரை வெட்டு அளந்து, பாஞ்சாலி கொடுத்த லோட்டாவில் ஊற்றினாள். ஊர் முழுக்கப் பானை உடைத்த கையால் அவன் தலையைத் தாங்கிக் குடிக்க வைத்தாள். லோட்டாவில் அவன் பல் கடகடவென்று அடித்தது. பாஞ்சாலி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கோவிந்தன் கதவருகே வந்து நின்று, "அம்மா, என்ன பண்றே நீ!" என்றான்.

"கயித்தை அவுருடா."

"அம்மா..."

"அவுருடான்னா! இவனைக் கார்ல ஏத்து. பெரியாஸ்பத்திரிக்குப் போ. டாக்டரம்மாகிட்ட, காசியம்மா அனுப்பினான்னு சொல்லு. கட்டி வச்சது மூணு நாளு, அரை வெட்டு குடுத்துருக்குன்னு சொல்லு. நான் சொல்லித்தான் கட்டினாங்கன்னும் சொல்லு."

"அது உன்னை ஏத்தறதுக்காகக் கொண்டாந்த காரும்மா!"

"என்னைத் தள்ளினது வயசில்லடா, இது." பாட்டிலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் மோந்தான். முகம் மாறியது. அப்பன் வாடை அவனுக்கும் தெரியும். "அந்தக் கம்பவுண்டரு மருந்துன்னு ஊத்தினான், நான் மருந்துன்னு குடிச்சேன். ஊரே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீ வயசாயிடுச்சுன்னே. ஒருத்தன், ஒரே ஒருத்தன், என்ன குடிக்கிறேன்னு கேட்டானா? போ, ஏத்து. இவன் பொழைச்சா அப்புறம் வந்து எங்கிட்டச் சாவி கேளு."

கோவிந்தன் பூட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு குனிந்து கயிற்றை அவிழ்த்தான். ரெண்டு பேராகத் தூக்கிக் காரில் கிடத்தினார்கள். "சீட்டுல வாந்தி எடுப்பாருங்களா?" என்று டிரைவர் கேட்டான். "எடுப்பான். கழுவிக்கோ" என்றாள். பாஞ்சாலி ஏறி உட்கார்ந்ததும் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

தெரு முழுக்க வாசலுக்கு வந்திருந்தது. காசியம்மாளுக்குக் கை ரெண்டும் உதறியது. அவளுடைய வேளை அது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. தெருவிலேயே, எல்லாரும் பார்க்க, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்தாள். நகத்தை வைத்து அரை வெட்டு அளந்தாள். "நல்லாப் பாத்துக்குங்க. இப்ப என்ன குடிக்கிறேன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு இதைவிடக் கொஞ்சம் கம்மியாக் குடிப்பேன். அதையும் வந்து பாருங்க" என்றாள். குடித்தாள். தொண்டை எரிந்தது.

பின்னாலிருந்த தன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தத் தூண் இன்னும் நின்றது. எருமையை அதில்தான் கட்டுகிறாள்.

"உன்னைச் சாராயம் கொல்லலய்யா" என்றாள். "நான்தான் கொன்னேன்."

ஷரீபுன்னிசா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொட்டகையில் எருமை கத்தியது. காலையிலிருந்து அதைக் கறக்கவே இல்லை.